குமரி மாவட்டத்திலிருந்து முதல் ஸ்கூபா: எந்தத் தீவு, எந்த மாதம், எவ்வளவு பணம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உட்கார்ந்து "ஸ்கூபா போகலாம்" (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவது) என்று முடிவெடுத்ததும் எல்லாரும் செய்கிற முதல் வேலை, போனில் தீவுகளின் படம் பார்ப்பது. படத்தில் எல்லாத் தீவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே நீலம், அதே வெள்ளை மணல். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கையின் கிழக்குக் கரை என்று நமக்கு எட்டுகிற இடங்கள் நான்கு. பருவம், காகிதம், செலவு மூன்றிலும் நான்கும் நான்கு விதம். விசாரித்து, அலைந்து, சில இடங்களில் பணத்தையும் விட்டுத் தெரிந்துகொண்டதை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். விலைகள் எல்லாம் தோராயம். புக் செய்யும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தீவுக்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள்

லீவு எப்போது கிடைக்கும் என்பதை வைத்துத்தான் தீவு அமையும். இதை மாற்றிச் செய்தால் மழையில் அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு மழையும் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. அதனால் இந்தக் கணக்கு நமக்குச் சுலபம். தென்மேற்குக் காற்று அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை லட்சத்தீவுப் பக்கம் டைவிங் கிடையாது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறதல்லவா? அது மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. ஆனாலும் நினைவு வைத்துக்கொள்ள வசதியான அடையாளம்: அந்த இரண்டு மாதமும், அதன் பின்னே இரண்டு மாதமும், மேற்குக் கடலை மறந்துவிடுங்கள். அந்தமானிலும் அப்போது மழைக்காலம். சில டைவ் சென்டர்கள் திறந்திருந்தாலும் கடல் கலங்கியிருக்கும், படகும் சொன்ன நாளில் போகாது.

அதே மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலையில் மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். மே மாத லீவைத் தவறவிட்டவர்களுக்கு இது நல்ல வழி.

நவம்பரில் வங்கக் கடல் புயல்காலம். ஆகவே அந்தமானுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. அதிலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் கடல் மிக அமைதி. லட்சத்தீவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மாலத்தீவில் வருடம் முழுவதும் டைவிங் நடக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் தெளிவும் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். மே முதல் நவம்பர் வரை மழை வரலாம், விலை இறங்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் மிதவை உயிரிகள் பெருகுவதால் சில இடங்களில் மந்தா திருக்கைகள் கூட்டமாக வரும்.

பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் சிபாரிசு: முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலேயே அந்தமான். மே பாதியைத் தாண்டிப் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை நம் ஊரில் பலருக்கும் வசதிதான். ஆனால் அந்த வாரம் எல்லாத் தீவிலும் எல்லாமே விலை கூடியிருக்கும்.

2. நீங்கள் செய்யப்போவது எது என்று தெளிவாக்குங்கள்

"ஸ்கூபா" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பொருட்களை விற்கிறார்கள்.

முதலாவது, முயற்சி டைவ். நீச்சல் தெரிய வேண்டாம். ஆழம் குறைந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் பழக்கிவிட்டு, பயிற்சியாளர் உங்களைப் பிடித்தபடி அதிகம் போனால் 12 மீட்டர் வரை கூட்டிப்போவார். தண்ணீருக்கடியில் இருபது நிமிடம், அரை மணி நேரம். அந்தமானில் 4,500 முதல் 7,000 ரூபாய்க்குள் முடியும். கரையிலிருந்து இறங்குவது விலை குறைவு, படகில் போவது கூடுதல்.

இரண்டாவது, ஓப்பன் வாட்டர் பயிற்சி. மூன்று அல்லது நான்கு நாள். பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, கடலில் நான்கு டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை துணையோடு இறங்க உலகம் முழுக்கச் செல்லும் அட்டை கிடைக்கும். இதற்கு 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். வேகம் முக்கியமில்லை. பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்ற இரண்டு நிறுவனங்களின் பாடத்திட்டம்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை. இந்தியாவில் 30,000 ரூபாயைச் சுற்றி வரும். மாலத்தீவில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பாடப் பகுதியை வீட்டிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டுப் போனால் தீவில் ஒரு நாள் மிச்சம்.

மூன்றாவது, அட்டை இருப்பவர்களுக்கான டைவ். இந்தக் கட்டுரை அவர்களுக்கு அல்ல.

இங்கே ஒரு பொறி. முயற்சி டைவ் முடிந்ததும் பெயர் எழுதிய சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அது "கலந்துகொண்டார்" என்ற காகிதம் மட்டும்தான். அதை வைத்து வேறெங்கும் தனியாக டைவ் செய்ய விடமாட்டார்கள். "லைசென்ஸ் உண்டு" என்று சொல்லி 6,000 ரூபாய்க்கு விற்றால், அது லைசென்ஸ் இல்லை. அதேபோல, தலையில் பெரிய கவசம் மாட்டிக் கடலடியில் நடக்கவிடுவது வேறு, ஸ்கூபா வேறு. பேக்கேஜில் எது இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. கடியபட்டணம் பக்கம் சிப்பி எடுக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முங்குவார்கள். குளத்தில் முங்கு நீச்சல் போட்டு வளர்ந்த நமக்கும் தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். ஸ்கூபாவில் அதுதான் கூடவே கூடாதது. பத்து மீட்டரில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடைத்துக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியலாம். விடாமல் இழுத்து, விடாமல் விட வேண்டும். நீச்சலே தெரியாதவருக்கு இது எளிதாக வருகிறது. நன்றாக நீந்துகிறவர்தான் முதல் நாள் தடுமாறுகிறார்.

3. மருத்துவப் படிவத்தை ஊரிலேயே முடியுங்கள்

பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். எல்லா ஒழுங்கான டைவ் சென்டரிலும் ஒரு மருத்துவக் கேள்விப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அல்லது சைனஸ் அறுவை சிகிச்சை, சர்க்கரைக்கு மருந்து, கர்ப்பம், தொடர்ந்து எடுக்கும் மாத்திரைகள் என்று வரிசையாகக் கேட்கும். குறிப்பிட்ட கேள்விகளுக்கு "ஆம்" என்று டிக் செய்தால், மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். 45 வயதைத் தாண்டி, புகைப்பழக்கமோ கொலஸ்ட்ராலோ இருந்தாலும் கையெழுத்து வேண்டியிருக்கும்.

என் மச்சானுக்குச் சின்ன வயதில் வீசிங். இப்போதும் பனிக்காலத்தில் இன்ஹேலர் எடுப்பார். அந்தமானின் ஹேவ்லாக் தீவில், டைவ் சென்டர் கவுண்டரில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு நேர்மையாக "ஆம்" போட்டார். பயிற்சியாளர் நம்ம ஊர்ப் பக்கத்துத் தம்பிதான். படிவத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்தைக் காட்டி, "அண்ணே, இதுல டாக்டர் கையெழுத்து வேணும். இங்க இன்னைக்கு கிடைக்காது. நீங்க ஸ்நார்க்கலிங் போயிட்டு வாங்க" என்றார். (குழாயில் மூச்சுவிட்டபடி தண்ணீரின் மேலேயே மிதந்து பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங்.) பக்கத்தில் நின்ற ஒருவர் "இல்லைனு போட்டிருக்கலாமே சார்" என்று யோசனை சொன்னார். அந்த யோசனையைக் கேட்டுவிடாதீர்கள். ஆஸ்துமாக்காரரின் நுரையீரலில் காற்று சிக்கிக்கொண்டால் மேலே வரும்போது என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. படிவத்தை முன்கூட்டியே டைவ் சென்டரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, அச்செடுத்து, முழுப் படிவத்தையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நம் ஊர் மருத்துவர்கள் பலருக்கு டைவிங் தகுதி பார்த்துப் பழக்கம் இருக்காது. "ஃபிட்" என்று லெட்டர்பேடில் எழுதித் தருவார்கள், அது செல்லாது. படிவத்தின் மருத்துவர் பக்கத்திலேயே கையெழுத்தும் சீலும் வேண்டும். காது அடைப்பு, சைனஸ் தொல்லை உள்ளவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவது நல்லது. இதற்கெல்லாம் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

டைவுக்கு முந்தைய நாள் சளி பிடித்தால் நாளை மாற்றுங்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், மருந்தின் வேகம் கீழே இருக்கும்போதே தீர்ந்துவிடும். பிறகு மேலே வரும்போது காதிலும் சைனஸிலும் காற்று அடைபட்டு வலி உயிர்போகும்.

4. நான்கு தீவுகள்: வழியும் காகிதமும்

அந்தமான்

முதல்முறை போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். பாஸ்போர்ட் வேண்டாம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதியும் வேண்டாம். ஆதார் போதும். தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. தண்ணீருக்கடியில் பதற்றம் வரும்போது, இறங்குவதற்கு முன் நம் மொழியில் விளக்கம் கேட்டிருப்பது எவ்வளவு உதவி என்று அப்போது தெரியும்.

டிக்கெட் போடும்போது பெயர்க் குழப்பம் வரும். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் ஷாஹீத் தீவு. டிக்கெட்டில் ஒரு பெயர், ஓட்டலில் இன்னொன்று இருக்கும். பயப்பட வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பல் மலிவு என்று ஆசைப்படாதீர்கள். சென்னையிலிருந்து போக மட்டும் ஏறக்குறைய மூன்று நாள், அதுவும் மாதத்தில் சில தடவைதான். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், ஒரு வழிக்கு 1,500 முதல் 2,500 ரூபாய். அரசுப் படகு மிகவும் மலிவு, ஆனால் சீசனில் இடம் கிடைப்பது சிரமம். விமானம் இறங்கும் நேரத்துக்கும் படகு நேரத்துக்கும் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் தங்குங்கள். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஹேவ்லாக்கில் நெட் சில நேரம் படுத்துவிடும். கையில் ரொக்கம் வையுங்கள்.

தொடக்கநிலையினருக்கு நீமோ ரீஃப் போன்ற கரையோர இடங்கள். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று பேர்போன இடங்கள் ஆழமானவை, அட்டையும் அனுபவமும் உள்ளவர்களுக்கு. "அங்கேயே கூட்டிப்போகிறேன்" என்று முயற்சி டைவ்காரரிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லட்சத்தீவு

வரைபடத்தில் நமக்குப் பக்கம், காகிதத்தில் ரொம்ப தூரம். தூத்தூர், வள்ளவிளை மீனவர்களுக்கு அந்தக் கடல் அன்றாடம். சுற்றுலாவாகப் போக வேண்டுமென்றால் நுழைவு அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் எந்தத் தீவு என்று பெயர் குறித்திருக்கும், வேறு தீவில் இறங்க முடியாது. விண்ணப்பம், புகைப்படம், அடையாள அட்டை நகல், காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகியவை கேட்கப்படும். சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வருவார்கள். வீட்டு முகவரியும் ஆதார் முகவரியும் வேறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அனுமதிக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். காத்திருப்புதான் செலவு.

போகும் வழி கொச்சி. பரசுராம் எக்ஸ்பிரஸிலோ ஐலண்ட் எக்ஸ்பிரஸிலோ எர்ணாகுளம் போகலாம். (பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெங்களூருக்குப் போகிற வண்டி.) அங்கிருந்து அகத்திக்குச் சிறிய விமானம் ஒன்றரை மணி நேரம், அல்லது கப்பலில் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். விமானத்தில் சாமான் எடைக் கட்டுப்பாடு கடுமை. டைவிங் கட்மத், பங்காரம், கவரத்தி, அகத்தி ஆகிய இடங்களில். பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மது கிடையாது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் கைகொடுக்கும்.

பெரிய பொறி ஏஜென்டுகள். "பெர்மிட் ரெடி" என்று ஒரு ஏஜென்ட் எங்களிடம் முன்பணம் வாங்கினார். பெர்மிட் வந்தது, கப்பல் டிக்கெட் வரவில்லை. சீட்டு இல்லாத பெர்மிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாதிப் பணம்தான் திரும்பியது. பெர்மிட் வேறு, போகும் டிக்கெட் வேறு, திரும்பும் டிக்கெட் வேறு. மூன்றின் நகலும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் கொடுங்கள். லட்சத்தீவு நிர்வாகத்தின் ஸ்போர்ட்ஸ் என்ற சுற்றுலா அமைப்பு தரும் பேக்கேஜில் இந்தத் தொல்லை குறைவு, நாட்கள் மட்டும் அவர்கள் சொல்கிறபடிதான்.

அங்கே பவளத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2023 கடைசியில் தொடங்கிய கடல் வெப்ப அலையில் லட்சத்தீவின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போனதாக மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் சொன்னது. பழைய படங்களை நம்பாமல், இந்தச் சீசனில் எடுத்த வீடியோ கேளுங்கள். மற்ற தீவுகளுக்கும் இதைக் கேட்பது நல்லதுதான்.

மாலத்தீவு

திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள். சென்னைக்குப் போவதைவிட நமக்கு இது பக்கம். விசா இறங்கியதும் இலவசம். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்கும்படி பாருங்கள். புதிதாக எடுப்பதென்றால் கட்டணம் 1,500 ரூபாய், திருநெல்வேலியில் சேவா கேந்திரம் இருக்கிறது. திரும்பும் டிக்கெட், ஓட்டல் புக்கிங், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டத் தயாராக இருங்கள். இமுகா என்ற பயணி அறிவிப்பைப் புறப்படும் முன் 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது போலி.

மலிவாகப் போக ரிசார்ட் வேண்டாம், மக்கள் வாழும் தீவில் விருந்தினர் விடுதி எடுங்கள். அப்படி ஒரு தீவான மாஃபுஷிக்குத் தலைநகர் மாலேயிலிருந்து ஸ்பீடு போட்டில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பொதுப் படகு மிக மலிவு, வெள்ளிக்கிழமை ஓடாது. அங்கே மது கிடையாது. ஊரிலிருந்து எடுத்துப்போனாலும் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வழிபாட்டுக்கான சிலைகளும் அனுமதி இல்லை. கைப்பையில் சின்ன பிள்ளையார் வைத்திருக்கும் அம்மாக்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனம். 10 சதவீத சேவைக் கட்டணமும் 17 சதவீத வரியும் அதன் மேல் ஏறும். இது போக பசுமை வரி: சிறிய விடுதிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர்.

தீவுகளுக்கு நடுவிலுள்ள கால்வாய்களில் நீரோட்டம் பலம். சுறாவும் திருக்கையும் பார்க்க அதுதான் இடம், புதியவர்களுக்கு அல்ல. முதல் டைவ் என்றால் விடுதிக்குப் பக்கத்துப் பாறையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இலங்கை

திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு, பிறகு சாலை வழியே ஆறு மணி நேரத்துக்கு மேல் திருகோணமலை. புறாத்தீவைச் சுற்றி ஆழம் குறைவு, ஆகவே தொடக்கத்துக்கு ஏற்றது. தேசியப் பூங்கா என்பதால் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் தனி. இணைய வழிப் பயண அனுமதியை அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பேச்சுக்குத் தமிழ் போதும்.

5. டைவ் சென்டரிடம் கேட்க வேண்டியவை

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முயற்சி டைவுக்கு ஒருவருக்கு ஒருவர்தான் என் கணக்கு. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? கடல் சரியில்லை என்று அவர்களே ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்புமா? கருவி வாடகை விலைக்குள் இருக்கிறதா? படம் எடுப்பதற்குத் தனிப் பணமா? கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள முகமூடி கேட்டு வையுங்கள்.

சாதாரண பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பெரும்பாலும் சேராது. "எத்தனை மீட்டர் வரை, அழுத்த அறைச் சிகிச்சை (உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியானால் தருவது) உண்டா" என்ற இரண்டு கேள்விக்கும் பாலிசி ஆவணத்திலேயே பதில் இருக்க வேண்டும், போனில் பேசுகிறவர் சொல்வது போதாது.

மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முகமூடியின் ரப்பர் மூக்குக்குக் கீழே ஒட்டி உட்கார வேண்டும். அடர்ந்த மீசை இருந்தால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மீசையை எடுக்க வேண்டாம், மேல்வரிசையை மட்டும் கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.

6. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில்

ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும், இல்லாவிட்டால் உயரத்தில் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். காலை டைவ், மாலை விமானம் என்று பேக்கேஜ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுத்துவிடுங்கள். மாலத்தீவில் கடல் விமானமும் விமானம்தான். அகத்தியிலிருந்து கொச்சி வந்த கையோடு மூணாறு ஏறுகிற திட்டம் இருந்தால் அதையும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், மலை ஏறுவதும் இதே கணக்கில் வரும்.

7. பையில் வரக் கூடாதவை, புக்கிங் வரிசை

கன்னியாகுமரிக் கடைகளில் சங்கும் சிப்பியும் வாங்கிப் பழகிய கை, கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் எடுக்கும். எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினம், செத்த துண்டானாலும். போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

லட்சத்தீவு என்றால் மூன்று மாதம் முன்பே காவல்துறைச் சான்றில் தொடங்குங்கள். மாலத்தீவுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் ஒரு மாதம் போதும். அந்தமானுக்கு இரண்டு மாதம்: முதலில் டைவ் சென்டரிடம் நாள் உறுதி, அடுத்து விமானம், அப்புறம் படகு, கடைசியில் அறை. அறையை முதலில் போட்டுவிட்டால் படகு கிடைக்காத நாளில் அந்தப் பணம் போய்விடும்.